தண்டுவட முடிச்சும் பரிவு நரம்பு முடிச்சும்: ஸ்லைடில் எப்படிப் பிரிப்பது?

நொவீனா மாணவி

வணக்கம். மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த வாரம் திசுவியல் ஸ்லைடு தேர்வு. பெருமூளை, சிறுமூளை எல்லாம் பார்த்தவுடன் தெரிந்துவிடுகிறது. என்னைப் படுத்துவது இரண்டு விஷயம்.

ஒன்று, தண்டுவட நரம்பின் பின்வேரில் இருக்கும் முடிச்சும் (நரம்புச் செல்கள் திரண்ட இடம்) பரிவு நரம்பு (சிம்பதெடிக்) முடிச்சும். இரண்டிலும் பெரிய பெரிய செல்கள், சுற்றிலும் பொடிப்பொடியாக உட்கருக்கள், இடையிடையே நார். வழக்கமான எச் அண்ட் இ (ஹெமடாக்சிலின், ஈயோசின்) சாயத்தில் இரண்டும் ஒரே மாதிரி இளஞ்சிவப்பு. "உட்கரு நடுவில் இருந்தால் தண்டுவட முடிச்சு, ஓரத்தில் இருந்தால் பரிவு முடிச்சு" என்று மனப்பாடம் செய்திருக்கிறேன். ஆனால் வெட்டு விழுந்த விதத்தைப் பொறுத்து பாதி செல்லில் உட்கருவே தெரிவதில்லை.

இன்னொன்று மூளை, தண்டுவடத்தின் வெண்பொருள். அங்கே நரம்பு நார்களைச் சுற்றியிருக்கும் மயலின் உறை கொழுப்பு நிறைந்தது என்று பாடத்தில் சொல்கிறார்கள். ஸ்லைடில் பார்த்தால் ஓட்டை ஓட்டையாக வெறுமையாக இருக்கிறது. உண்மையிலேயே அப்படியா, இல்லை ஸ்லைடு கெட்டுப்போனதா?

ஓய்வுபெற்ற லேப்காரன்

உட்கருவை அப்புறம் பார்க்கலாம்மா. முதலில் சின்ன லென்ஸ், 4 மடங்கு. பிள்ளைகள் எல்லாரும் நேராக 40-க்குப் போய்விடுகிறார்கள், அங்கே போனதும் எல்லா முடிச்சும் ஒன்றாகத்தான் தெரியும்.

சின்ன லென்ஸில் செல்கள் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்று பாருங்கள். தண்டுவட முடிச்சில் செல்கள் கூட்டம் கூட்டமாக, பெரும்பாலும் ஓரங்களில் சேர்ந்திருக்கும். அந்தக் கூட்டங்களுக்கு நடுவே நார்க்கட்டுகள் ஒரே திசையில் ஓடும். வெளியே தடித்த உறை ஒன்று இருக்கும். பரிவு முடிச்சில் கூட்டம் கிடையாது. செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும், நார்களும் ஒழுங்கில்லாமல் குறுக்கும் நெடுக்குமாகப் போகும். பாதி விடை இங்கேயே வந்துவிட்டது.

அப்புறம் பெரிய லென்ஸ். தண்டுவட முடிச்சு செல் நல்ல உருண்டை. பெரியது 100 மைக்ரான் (0.1 மில்லிமீட்டர்) வரை வரும், பக்கத்திலேயே சின்னதும் இருக்கும், இந்த அளவு வித்தியாசமே ஓர் அடையாளம். ஒவ்வொரு செல்லையும் சுற்றித் துணைச்செல்கள் இடைவெளி விடாமல் ஒரு வளையம் கட்டியிருக்கும். பரிவு முடிச்சில் செல் சிறியது, ஏறக்குறைய எல்லாம் ஒரே அளவு, விளிம்பு கோணல்மாணல், துணைச்செல் வளையத்தில் இடைவெளிகள் தெரியும். வயதானவருடைய திசு என்றால் உள்ளே பழுப்பு நிறத்தில் லிப்போஃபசின் துகள்கள் நிறைய இருக்கும். ஆனால் அது இரண்டு முடிச்சிலும் வரும், அதை மட்டும் நம்பாதீர்கள்.

உட்கரு தெரியாத செல்லைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். 5 மைக்ரான் தடிப்பில் சீவுகிறோம், செல்லோ அதைப்போல் பத்து இருபது மடங்கு. உட்கரு தப்பாமல் மாட்டினால்தான் ஆச்சரியம். மாட்டிய செல்லை மட்டும் வைத்து முடிவு செய்யுங்கள்.

கிளையா பித்தன்

லேப்காரன் ஐயா சொன்னதற்குக் காரணத்தையும் சேர்த்துக்கொண்டால் மனப்பாடமே தேவையில்லை.

தண்டுவட முடிச்சு செல்லுக்கு டென்ட்ரைட் (செய்தி வாங்கும் கிளை) கிடையாது. ஒரே ஒரு கிளை வெளியே வரும், கொஞ்ச தூரத்தில் இரண்டாகப் பிரிந்து ஒன்று தோல் பக்கமும் மற்றது தண்டுவடம் பக்கமும் போகும். அந்த முடிச்சுக்குள் சினாப்ஸ் (ஒரு நியூரான் அடுத்ததற்குச் செய்தி தரும் சந்திப்பு) எதுவும் இல்லை, செய்தி அங்கே நிற்பதில்லை, கைமாறுவதும் இல்லை. டென்ட்ரைட் இல்லாததால் செல் உருண்டை. உருண்டையாக இருப்பதால் துணைச்செல்கள் முழுசாகச் சூழ முடிகிறது.

பரிவு முடிச்சில் தண்டுவடத்திலிருந்து வரும் நார் அடுத்த நியூரானிடம் செய்தியைக் கொடுத்தாக வேண்டும். அதை வாங்க டென்ட்ரைட்டுகள் நாலாபக்கமும் நீண்டிருக்கும். அவை வெளியே வரும் இடங்களில்தான் வளையம் உடைகிறது. உட்கருவும் பெரும்பாலும் ஒதுங்கிவிடுகிறது.

நொவீனா மாணவி

இது போதும் ஐயா, அண்ணா! வகுப்பில் இரண்டையும் ஒரே பக்கத்தில் அட்டவணையாகப் போட்டுக் கொடுத்தார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. வெண்பொருள் விஷயம்?

ஓய்வுபெற்ற லேப்காரன்

ஸ்லைடு கெடவில்லை. திசுவை மெழுகில் பதிப்பதற்கு முன் ஆல்கஹாலில் நீரை எடுக்கிறோம், பிறகு சைலீனில் ஊறவைக்கிறோம். இரண்டும் கொழுப்பைக் கரைக்கும். மயலின் பெரும்பகுதி அங்கேயே போய்விடும். நீங்கள் பார்க்கும் ஓட்டை மயலின் இருந்த இடம், அதன் நடுவே சிறு புள்ளி தெரிந்தால் அது ஆக்ஸான், செல்லிலிருந்து செய்தியைக் கொண்டுபோகும் நீண்ட நார்.

மயலினைப் பார்க்க வேண்டுமானால் லக்சால் ஃபாஸ்ட் புளூ என்ற சாயம் போட வேண்டும். கரைந்தது போக மிஞ்சியிருக்கும் புரதமும் கொழுப்பும் அந்த நீலத்தைப் பிடித்துக்கொள்ளும். 1953-ல் குளூவரும் பாரேராவும் அதோடு கிரெசில் வயலட் சாயத்தையும் சேர்த்து ஒரு முறை கொடுத்தார்கள். மயலின் நீலம், நியூரான் ஊதா. நான் வேலையில் இருந்தவரை, சாயம் போட்ட ஸ்லைடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ராத்திரி முழுக்க சூட்டடுப்பில் சாயத்தில் கிடக்கும், காலையில் எடுத்தால் ஸ்லைடு முழுக்க ஒரே நீலம். லித்தியம் கார்பனேட்டில் முக்கி, ஆல்கஹாலில் அலசி, சாம்பல் பொருளிலிருந்து மட்டும் நீலத்தை இறக்க வேண்டும். ஒரு சில விநாடி அதிகமாக விட்டால் வெண்பொருளும் வெளுத்துப்போகும். ஒவ்வொரு முக்கலுக்கும் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டுத்தான் அடுத்த முக்கல்.

ஈசூன்வாசி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் மருத்துவத் துறை இல்லை, டிரைவர். பசியாறிக்கொண்டே படித்தேன். தண்டுவட முடிச்சு என்றதும் ஞாபகம் வந்தது. போன மாதம் எங்கள் அம்மாவுக்கு அக்கி வந்து, பலதுறை மருந்தகத்தில் டாக்டர் "கிருமி முதுகு நரம்பு முடிச்சில் ஒளிந்திருந்தது" என்று சொன்னார். இதே முடிச்சுதானா? ஊரில் இருந்தபோது குயவர் வீட்டில் காவி குழைத்து அக்கி எழுதுவார்கள். அம்மா இங்கேயும் அதைத்தான் தேடினார்.

கிளையா பித்தன்

அதே முடிச்சுதான் அண்ணே. சின்ன வயதில் சின்னம்மை வந்து போகும்போது கிருமி முழுசாகப் போவதில்லை. தோலில் இருக்கும் நரம்பு நுனி வழியாக ஏறி, இந்த உருண்டை செல்களுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். பல பத்தாண்டுகள் சத்தமே இருக்காது. வயதாகி எதிர்ப்புச் சக்தி குறைந்ததும் ஏதோ ஒரு முடிச்சில் விழித்து, அதே ஆக்ஸான் வழியாகத் தோலுக்கு இறங்கும். அதனால்தான் அக்கி உடம்பின் ஒரே பக்கத்தில், ஒரே பட்டையாக வருகிறது. நடுக்கோட்டைத் தாண்டாது. கொப்பளம் வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அந்த இடத்தில் எரிச்சல் தொடங்குவதும் இதனால்தான்.

காவி பூசினால் குளுமையாக இருக்கும், அதில் சண்டை இல்லை. ஆனால் தொல்லை தோலில் தொடங்கவில்லையே. கிருமியை அடக்கும் மாத்திரையை, கொப்பளம் வந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். இன்னொன்று, நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்பளம் வந்தால் அன்றைக்கே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். முகத்துக்கான முடிச்சு மண்டையோட்டுக்குள் இருக்கிறது, அதன் ஒரு கிளை கண்ணுக்குப் போகிறது. அந்த முடிச்சும் ஸ்லைடில் தண்டுவட முடிச்சு போலவேதான் இருக்கும், மாணவி கவனிக்க.

ஈசூன்வாசி

அம்மாவுக்கு விலாவில்தான். மாத்திரை இரண்டாம் நாளே கொடுத்துவிட்டார்கள். கொப்பளம் காய்ந்தும் வலி விடவில்லை.

கிளையா பித்தன்

முடிச்சிலும் நரம்பிலும் செல்கள் சேதப்பட்டால் வலி மாதக்கணக்கில் நிற்கலாம். சாதாரண வலி மாத்திரை அதற்குச் சரியாகக் கேட்காது, நரம்பு வலிக்கென்று தனி மருந்துகள் உண்டு. "தாங்கிக்கொள்கிறேன்" என்று அம்மா சொன்னாலும் மறுபடி அழைத்துப் போங்கள்.

தேக்கா வாசகி

இவ்வளவு தூரம் சாயம் போட்டுப் பார்ப்பானேன்? எம்ஆர்ஐ எடுத்தால் மூளை முழுக்கத் தெரிகிறதே. திசுவியல் எல்லாம் பழைய காலத்துப் பாடம் என்று என் தம்பி சொல்கிறான், அவன் ரேடியோகிராஃபர்.

ஓய்வுபெற்ற லேப்காரன்

தம்பி சொல்வதில் பாதி சரி. ஆனால் வழக்கமான எம்ஆர்ஐ படத்தில் ஒரு புள்ளி என்பது கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர். அந்தப் புள்ளிக்குள் ஆயிரக்கணக்கான நியூரான்கள் அடங்கிவிடும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பிறந்த குழந்தைக்கு இரண்டு நாளாகியும் மலம் போகவில்லை, வயிறு உப்புகிறது. ஹெர்ஷ்ஸ்ப்ரங் நோயாக இருக்கலாம். குடல் சுவரில் இரண்டு தசை அடுக்குகளுக்கு நடுவே நரம்பு முடிச்சுகள் இருக்க வேண்டும், அவைதான் குடலை அசைக்கின்றன. இந்தக் குழந்தைகளுக்குக் குடலின் கடைசிப் பகுதியில் அந்தச் செல்களே வந்து சேர்ந்திருக்காது. அறுவைச் சிகிச்சையின் போது எங்கே வெட்டுவது என்பது டாக்டருக்கு வெளியிலிருந்து தெரியாது. ஒரு துண்டு எடுத்து அனுப்புவார், நாங்கள் உடனே உறையவைத்துச் சீவிச் சாயம் போடுவோம். நோய்க்குறியியல் டாக்டர் "செல் இருக்கிறது" என்று போனில் சொல்லும்வரை அங்கே மயக்கத்தில் குழந்தை, கையைக் கட்டிக்கொண்டு சர்ஜன். அந்த நேரத்தில் கிரையோஸ்டாட்டில் (உறைந்த திசுவைச் சீவும் கருவி) சீவல் சுருண்டுகொண்டால் வரும் கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

1999-ஐயும் சொல்ல வேண்டும். மலேசியாவில் பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய மூளைக்காய்ச்சல், மார்ச் மாதம் இங்கே சிங்கப்பூரில் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்கு வந்தது, ஒருவர் இறந்தார். முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்தார்கள். நிப்பா என்று பிறகு பெயர் வந்தது. இறந்தவர்களின் மூளையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது சின்ன இரத்தக் குழாய்களின் சுவர் அழிந்து, உட்சுவர் செல்கள் பல ஒன்றாக ஒட்டி, சுற்றியிருந்த நியூரான்களுக்குள் கிருமியின் திரட்சிகள் தெரிந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் இரத்தக் குழாய்கள் இப்படி அழிவதில்லை.

தேக்கா வாசகி

சரி, ஒத்துக்கொள்கிறேன். மனித மூளை எங்கிருந்து கிடைக்கிறது? நம்மவர்கள் கொடுப்பார்களா?

கிளையா பித்தன்

கொடுக்கலாம் அக்கா. 18 வயதானவர்கள் தங்கள் உடலையோ உறுப்புகளையோ கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் தருவதாக எழுதிவைக்க 1972-லிருந்தே சட்டம் இருக்கிறது. மூளைக்கென்றே ஒரு வங்கியும் 2019-ல் தொடங்கினார்கள். இது வேறு, விலகுவதாக எழுதிக்கொடுக்காதவரை பொருந்தும் உறுப்பு மாற்றுச் சட்டம் வேறு. அதில் சிறுநீரகம், கல்லீரல், இதயம், விழிவெண்படலம்தான். மூளை கிடையாது, தனியாகப் பதிவு செய்ய வேண்டும். நோயுள்ள மூளை மட்டும் போதாது, ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான மூளையும் வேண்டும் என்பதை வீட்டில் சொன்னால் கொஞ்சம் யோசிப்பார்கள். என் பாட்டி "கடைசியில் முகத்தைப் பார்க்க முடியுமா" என்று மட்டும் கேட்டார். முடியும்.

நொவீனா மாணவி

நாங்கள் இப்போது கண்ணாடி ஸ்லைடு தொடுவதே குறைவு. எல்லாம் ஸ்கேன் செய்து டேப்லெட்டில்தான். தேர்வும் அதிலேயே. அது நல்லதா ஐயா?

ஓய்வுபெற்ற லேப்காரன்

நல்லதில்லை. மைக்ரோஸ்கோப்பில் ஃபோகஸ் திருகியை மேலும் கீழும் ஆட்டினால் செல்லுக்குள் ஆழம் தெரியும். எது செல்லுக்குள் இருக்கிறது, எது மேலே விழுந்த தூசி என்று பிரியும். டேப்லெட்டில் எல்லாம் ஒரே தட்டை.

கிளையா பித்தன்

இதில் ஐயாவோடு நான் ஒத்துப்போக மாட்டேன். வகுப்பில் எல்லாரும் ஒரே இடத்தைப் பார்க்கலாம், ஆசிரியர் அம்புக்குறி போட்டுக் காட்டலாம், வீட்டிலிருந்து ராத்திரி பார்க்கலாம். ஆழம் வேண்டுமானால் பல தளங்களில் ஸ்கேன் செய்யும் வசதி உண்டு. பழைய முறையில் ஒரு மைக்ரோஸ்கோப்புக்கு வரிசையில் நின்று, முன்னால் நின்றவன் ஸ்லைடை நகர்த்திவிட்டுப் போன பிறகு எதையோ பார்த்துவிட்டு வந்தவர்கள்தானே நாமெல்லாம்?

ஓய்வுபெற்ற லேப்காரன்

அதுவும் உண்மைதான் தம்பி. ஆனால் ஸ்கேன் செய்ய நல்ல ஸ்லைடைத் தேர்ந்தெடுத்து விடுகிறார்கள். மருத்துவமனையில் வருவது எல்லாம் நல்ல ஸ்லைடு இல்லை.

புதிய மூளையைக் கையில் எடுத்தால் தௌஹுவே (மிருதுவான சோயா இனிப்பு) போல நெகிழும், மேசையில் வைத்தால் தன் எடையிலேயே தட்டையாகிவிடும். அதனால்தான் அடியில் இருக்கும் தமனிக்குக் கீழே நூல் கோத்து, ஃபார்மலின் வாளியில் தலைகீழாகத் தொங்கவிட்டு இரண்டு வாரம் விடுகிறோம். இதற்குப் பொறுமை இல்லாமல் சரியாக ஊறாத மூளையை அழுத்தி வெட்டினால் நியூரான்கள் சுருங்கி, கறுத்து, திருகிப்போய் நிற்கும். புதிதாகப் பார்ப்பவர் இரத்தம் கிடைக்காமல் செத்த செல் என்று எழுதிவிடுவார். உண்மையில் செத்த நியூரான் சிவப்பாக இருக்கும், நிஸ்ஸல் துகள்கள் (நியூரானுக்குள் புரதம் தயாரிக்கும் துகள்கள்) கரைந்திருக்கும். இந்தக் கறுப்புச் செல் நம் கைப்பாடு.

மூளையில் மயலின் சுற்றும் செல்லான ஒலிகோடென்ட்ரோசைட்டின் உட்கருவைச் சுற்றி வெள்ளை வளையம் தெரியும் அல்லவா? அதுவும் ஃபார்மலின் தாமதமாக ஊறுவதால் வருவது. உயிரோடு இருக்கும் செல்லில் கிடையாது. ஆனால் அதைப் பார்த்தே அந்தச் செல்லை அடையாளம் காணப் பழகிவிட்டோம்.

கிளையா பித்தன்

கிளையாவை, அதாவது நியூரானுக்குத் துணைநிற்கும் மூளைச் செல்களைத் தொட்டுவிட்டீர்கள், இனி என்னை நிறுத்த முடியாது.

மூளையின் காவல் செல்லான மைக்ரோகிளையா எங்கிருந்து வருகிறது என்ற சண்டையில் சிங்கப்பூருக்குப் பெரிய பங்கு உண்டு. 1919-ல் ஸ்பெயினின் ரியோ ஒர்டேகா வெள்ளி கார்பனேட் சாயத்தில் அதைத் தனியாகப் பிரித்துக் காட்டி, இது மற்ற மூளைச் செல்களோடு பிறந்ததல்ல, வெளியிலிருந்து குடியேறியது என்றார். எங்கிருந்து? 1979-ல் இங்கே பல்கலைக்கழக உடற்கூறியல் துறையில் இருந்த லிங் எங் ஆங், பிறந்த எலிக்குட்டிகளின் இரத்தத்தில் கார்பன் துகள்களைச் செலுத்தினார். மோனோசைட்டுகள் என்ற இரத்த வெள்ளணுக்கள் அந்தக் கரியை விழுங்கின. பிறகு மூளையைச் சீவிப் பார்த்தால் மைக்ரோகிளையாவாக மாறிவரும் செல்களுக்குள் அதே கரித்துகள். இரத்தத்திலிருந்துதான் வருகிறது என்பதற்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் 2010-ல் இங்கேயே நோயெதிர்ப்பியல் ஆய்வகத்துக்கு வந்திருந்த ஃபுளோரன் ஜின்ஹூவும் கூட்டாளிகளும் சுண்டெலிக் கருவிலேயே செல்களுக்கு மரபணு அடையாளம் போட்டுப் பின்தொடர்ந்தார்கள். வளர்ந்த மூளையின் மைக்ரோகிளையா, எலும்பு மஜ்ஜையே உருவாகாத காலத்தில், கருவின் மஞ்சள்கருப் பையிலிருந்து கிளம்பி வந்து தங்கிவிட்டவை என்று தெரிந்தது. அதற்காக 1979 ஸ்லைடைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கரி உள்ளே இருந்தது நிஜம். பிறந்த சமயத்தில் மூளையில் திரியும் செல்லும், கடைசிவரை தங்கும் செல்லும் ஒன்றேதானா என்பதை ஒரு சமயத்தில் மட்டும் எடுத்த சீவலை வைத்துச் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

ஈசூன்வாசி

மூளையில் நூறு பில்லியன் (பத்தாயிரம் கோடி) நரம்புச் செல் என்று சொல்கிறார்களே, யார் எண்ணினார்கள்?

கிளையா பித்தன்

அந்தக் கணக்கை ரொம்ப நாள் யாரும் சரியாக எண்ணாமலே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2009-ல் பிரேசில் ஆய்வுக்குழு மூளையைக் கரைத்து, உட்கருக்கள் மட்டும் மிதக்கும் கரைசலாக்கி எண்ணியது. ஏறக்குறைய 8,600 கோடி நியூரான்கள். அதில் 6,900 கோடி சிறுமூளையில், பெருமூளைப் புறணியில் 1,600 கோடிதான். சிறுமூளை ஸ்லைடின் உள்ளடுக்கு ஏன் அப்படி நெருக்கமான நீலப் பொடியாகத் தெரிகிறது என்று இப்போது புரியும்.

நொவீனா மாணவி

கடைசிக் கேள்வி. பழைய வினாத்தாளில் தண்டுவட ஸ்லைடு ஒன்று. சாம்பல் பொருளில் பெரிய நியூரான், உட்கரு ஓரமாகத் தள்ளிப்போய், நிஸ்ஸல் துகள்கள் நடுவில் இல்லாமல் விளிம்பில் மட்டும். ஆக்ஸான் அறுந்த செல் என்று எழுதலாமா?

ஓய்வுபெற்ற லேப்காரன்

அவசரப்படாதீர்கள். ஆக்ஸான் அறுந்தால் செல் வீங்கி இப்படித்தான் ஆகும், அந்தத் துகள்களுக்குப் பெயர் தந்த நிஸ்ஸலே எழுதியிருக்கிறார். ஆனால் செல் எந்த மூலையில் இருக்கிறது? முன்கொம்பில் (சாம்பல் பொருளின் முன்பக்க நீட்சி) என்றால் உங்கள் விடை சரி. பின்கொம்பின் அடியில், நடுக்கால்வாய்க்குப் பக்கத்தில் உள்பக்கமாக வட்டமாக ஒரு கூட்டம் இருந்தால் அது கிளார்க் தூண். அங்கே நல்ல செல்லே அப்படித்தான் இருக்கும், உட்கரு ஓரம், நிஸ்ஸல் விளிம்பில்.

தண்டுவடத்தின் எந்த மட்டம் என்றும் பாருங்கள். சாம்பல் பொருள் மெலிந்து, பக்கவாட்டில் சின்னக் கொம்பு நீட்டிக்கொண்டிருந்தால் மார்புப் பகுதி, கிளார்க் தூண் இருக்கும் இடம். சாம்பல் பொருள் பெருத்து, வெண்பொருள் சுற்றிலும் மெல்லிய பட்டையாக இருந்தால் கீழ்நுனிக்கு அருகிலுள்ள திரிகப் பகுதி (சேக்ரல்), அங்கே அந்தத் தூணே கிடையாது. கழுத்துப் பகுதியில் வெண்பொருள்தான் அதிகம், கீழிருந்து ஏறும் நார்கள் எல்லாம் அதற்குள் வந்து சேர்ந்திருக்கும். வினாத்தாளில் இருப்பது எந்த மட்டம்?

நொவீனா மாணவி

பக்கக் கொம்பு இருக்கிறது. செல்களும் நடுக்கால்வாய்க்குப் பக்கத்தில்தான், வட்டமாக.

ஓய்வுபெற்ற லேப்காரன்

அப்போ கிளார்க் தூண். நோய் எதுவும் இல்லை, அப்படியே எழுதுங்கள்.